காரம் என்று எழுதியிருந்தது

அந்தப் பேச்சை இன்றும் வரிசை மாறாமல் என்னால் சொல்ல முடியும்.

அறையில் நான்கு பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால் மேனேஜர். ஜன்னலில் சாய்ந்தபடி சூப்பர்வைசர். நாற்காலியின் நுனியில், இடது கண்ணில் பஞ்சுக் கட்டோடு, என் அண்ணனின் மனைவி. அண்ணிக்குப் பக்கத்தில், மடியில் நோட்டோடு நான். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. அண்ணிக்கு மேனேஜரின் மொழி தெரியாது. இரண்டு மொழியிலும் பள்ளிக்கூடம் படித்தவள் என்பதால்தான் அந்தக் கடுகுத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் எனக்கு வேலை கொடுத்திருந்தார்கள்.

அன்று காலை என்ன செய்தீர்கள் என்று மேனேஜர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“எட்டு மணிக்கு சாம்பிள் எடுக்கப் போனேன். தினமும் போறதுதானே.”

எந்தக் குழாயைத் திறந்தீர்கள் என்று கேட்டார்.

“சுவரோரம் இருக்கறது. லீவுல எல்லாத்தையும் இடம் மாத்தி வச்சாங்களே, அதுல ஒண்ணு.”

அதில் தாள் ஒட்டியிருந்ததா?

“ஒட்டியிருந்துச்சு.”

தமிழிலா?

“தமிழ்லதான். இவ எழுதினதுதான்.”

அதைப் படித்தீர்களா?

அந்தக் கேள்வியே அண்ணிக்குப் பிடிக்கவில்லை. “எனக்குப் படிக்கத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லு. எட்டாவது வரைக்கும் போயிருக்கேன். காரம்னு எழுதியிருந்துச்சு. படிச்சேன். தொறந்தேன்.”

அப்படியே மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

மேனேஜரின் பேனா நின்றது. சூப்பர்வைசர் ஜன்னலை விட்டு நிமிர்ந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். மேனேஜர் எழுதிக்கொண்டார்.

“என்ன சொன்னே அவர்கிட்ட?” என்றார் அண்ணி.

“நீங்க சொன்னதைத்தான் அண்ணி.”

“அப்புறம் ஏன் அந்தாளு மூஞ்சி அப்படிப் போகுது?”

“தெரியலை.”

அண்ணி தாளை வாங்கி, ஒற்றைக் கண்ணால் இடம் பார்த்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.

மறுநாள் தட்டச்சு செய்த நகல் என் மேசைக்கு வந்தது. கடைசி வரி இப்படி இருந்தது: எச்சரிக்கையைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகும் தொழிலாளி தாமாகவே குழாயைத் திறந்துள்ளார். இரண்டு வாரத்தில் விசாரணை. அந்த வரி நின்றால் பதினோரு வருஷத்து வேலை போய்விடும். அதைவிட, தன் கண்ணைத் தானே கெடுத்துக்கொண்டவள் என்று காகிதத்தில் நிலைத்துவிடும். அண்ணியைத் தெரிந்தவர்களுக்கு எது அவருக்குப் பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை.

சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வரியைப் படித்தபோது அது அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணி அவசரக்காரி, ஏதோ கோபத்தில் திறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் லாரி பழுது பார்க்கிறவன். வீட்டுக்கு வந்தால் கிரீஸ் வாசனையோடு சேர்த்து மௌனத்தையும் கொண்டுவருவான். வந்த மூன்றாம் மாதமே அண்ணி அவனோடு சண்டை போட்டு, என்னை இரண்டு மொழியில் பாடம் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார். அது இரண்டு பேருந்து தள்ளி இருந்தது. “நம்ம வீட்ல ஒரு ஆளாவது அவங்க வாயைப் படிக்கணும். இல்லைன்னா நம்மளை வித்துட்டு நம்மகிட்டயே ரசீது குடுப்பாங்க” என்றார். பள்ளியில் சேர்ந்த வருஷமே அவரும் கடுகுத் தொழிற்சாலையில் சேர்ந்தார்.

ஆள் குள்ளம். ஆலையில் முதலில் வைத்த பெயர் கடுகு. ஒரு மாதம் பழகிய பிறகு அதையே திரித்துக் கடுகடு ஆக்கிவிட்டார்கள். பாட்டில்களுக்கு மூடி போடும் எந்திரத்தில் நின்ற பெண்ணை எல்லோரும் மூடியக்கா என்பார்கள். உலகத்தில் எல்லாவற்றையும் மூடத் தெரிந்தவர், தன் வாயைத் தவிர. அவர்தான் இந்தப் பெயரை வைத்தவர். “கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா?” என்று ஒரு நாள் அண்ணியின் தலையைத் தட்டினாராம்.

“அந்தப் பழமொழியைச் சொன்னவன் கடுகை அரைச்சிருக்கவே மாட்டான். முழுக் கடுகுல ஏது காரம்? ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்க, மண்ணு மாதிரி இருக்கும். நசுக்கணும். நசுக்கி, பச்சைத் தண்ணி ஊத்தணும். அப்புறம்தான் அது யாருன்னு காட்டும்.”

“உன்னை மாதிரின்னு சொல்லு.”

“என்னை நசுக்க இன்னும் ஒருத்தன் பொறக்கலை.”

இது ஆலையில் பல வருஷம் ஓடிய வசனம்.

ஆனால் கடுகைப் பற்றி அண்ணி சொன்னது வசனம் இல்லை, வேலை. மூட்டையில் வரும் விதை உடைந்து, தண்ணீரில் ஊறிய பிறகுதான் காரம் எழும். உடனே எழாது, பத்து நிமிஷமாவது பொறுக்க வேண்டும். ஏறி உச்சிக்கு வந்ததும் வினிகரை ஊற்றி அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். முந்தினால் சப்பென்று இருக்கும், பிந்தினால் இறங்கத் தொடங்கும். சுடுதண்ணீர் ஊற்றினால் காரம் எழாமலே செத்துவிடும், கசப்பு மட்டும் மிஞ்சும். புதிதாக வந்த ஒருவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒருமுறை வெந்நீரைத் திறந்துவிட்டார். ஒரு தொட்டி முழுக்கக் கசந்த மஞ்சள் கூழ். அண்ணி அவர் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, “நீங்களே சாப்பிடுங்க. நான் பொறுமையா இருக்கேன், தொட்டி காலியாகட்டும்” என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

உச்சி எது என்று கண்டுபிடிக்க ஆலையில் ஒரு கருவி உண்டு. கருவிக்கு முன்னால் அண்ணியின் மூக்கு உண்டு. காலை எட்டு மணிக்குக் காரக் கடுகு வரும் குழாயைத் திறந்து, எஃகுக் கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்து, முகத்தருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுப்பார். கண்ணில் நீர் கோத்தால் சரி. கோக்காவிட்டால் தொட்டிக்காரரைக் கூப்பிடுவார். ஆலையில் செய்வது இரண்டே வகை. குழந்தைகளும் சாப்பிடுகிற மிதமானது ஒன்று, மற்றது காரம். உள்ளே யாரும் அதை வேறு பெயரில் சொன்னதில்லை. “காரம் ஓடுதா?” “காரத்தை நிறுத்து.” “இன்னிக்குக் காரம் எத்தனை பெட்டி?” நாள் முழுக்க அந்தச் சொல் அங்கே பறந்துகொண்டே இருக்கும்.

வீட்டிலும் கடுகுதான். அண்ணனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் கடுகை அரைத்துத் துணியில் தடவிப் பற்றுப் போடுவார். “பத்து நிமிஷம். அதுக்கு மேல வச்சா தோல் உரிஞ்சிடும்” என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அண்ணன் குப்புறப் படுத்தபடி, “கட்டிக்கிட்டவளும் எரிக்கிறா, கட்டுற பத்தும் எரிக்குது” என்பான். அவன் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆலையின் வேலியோரம், மூட்டை இறக்கும் மேடைக்குக் கீழே, சிந்திய விதைகள் தானாக முளைக்கும். பூப்பதற்கு முன்னால் இளம் இலையாகப் பறித்துவந்து வதக்குவார். முள்ளங்கியின் உறைப்பு லேசாக இருக்கும். மிச்சத்தைப் பூக்க விடுவார். முழங்காலுக்கு மேல் வளர்ந்து, நான்கு இதழ் மஞ்சள் பூவாக வேலி நீளத்துக்கு நிற்கும். சூப்பர்வைசருக்கு அது களை. மருந்தடிக்கச் சொன்னார். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்: வா, போ, சீக்கிரம். அண்ணி அவர் முன்னால் போய் நின்று, “உள்ள இதை வித்துத்தானே வாழறீங்க. வெளிய மொளைச்சா களையா?” என்றார். அவருக்குப் புரியவில்லை. “போ, போ, சீக்கிரம்” என்றார். மருந்தடித்தார்கள். அடுத்த மழைக்கு மறுபடி முளைத்தது.

இனி, நடந்ததைச் சொல்கிறேன்.

நான்கு நாள் ஆலையை மூடிக் குழாய்களை மாற்றிப் போட்டார்கள். தொட்டி கழுவுவதற்கான காஸ்டிக் சோடாவைச் சூடாக்கிக் குழாய் வழியாகவே அனுப்புவது புது ஏற்பாடு. முன்பெல்லாம் அது நீல டிரம்மில் வரும். சோடாத் தண்ணி என்பார்கள். திறப்பதற்கு முந்தின நாள் சூப்பர்வைசர் என் மேசையில் ஒரு காகிதம் வைத்தார். அதில் பதினோரு சொற்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக, வேறு விளக்கம் இல்லை. மதியத்துக்குள் தமிழில் வேண்டும் என்றார். கடுகுக் குழாய்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஒன்றாம் வகை, இரண்டாம் வகை. அப்படியே எழுதினேன். காஸ்டிக் சோடாவுக்கு அவர்கள் மொழியில் இருந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்ததும் என் பத்தாம் வகுப்பு வேதியியல் புத்தகம் ஞாபகம் வந்தது. அமிலம், காரம், உப்பு. ‘காரம்’ என்று அழகான பெரிய எழுத்தில் எழுதினேன். சரியான சொல்லைத் தேடாமலே கண்டுபிடித்துவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணி கிண்ணத்தோடு போனார். வரிசையாகப் புதுக் குழாய்கள். தண்ணீர். வினிகர். ஒன்றாம் வகை. இரண்டாம் வகை. காரம். அவர் தேடிப் போனது எதுவோ அதுவே எழுதியிருந்தது. குனிந்து, வழக்கம்போல் கிண்ணத்தை அடியில் பிடித்துத் திறந்தார். சூடான சோடா இடது கண்ணில் தெறித்தது.

மூடியக்கா ஓடிவந்து அவர் தலையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாயின் கீழ் அழுத்திவைத்திருந்தார். அண்ணி திமிறத் திமிற, கால் மணி நேரம் விடவில்லை. அதனால்தான் கண் முழுக்கப் போகவில்லை என்று மருத்துவர் சொன்னார். விழியில் வெள்ளைத் தழும்பு விழுந்துவிட்டது. எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றார் அண்ணி.

வாக்குமூலம் கொடுத்த நாலாம் நாள் சாயங்காலம், மூடியக்கா வீட்டுக்கு வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். தெரிந்தே திறந்தாள் என்று அண்ணியே ஒத்துக்கொண்டதாகச் சூப்பர்வைசர் ஆலை முழுக்கச் சைகையில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மூடியக்கா போனதும் அண்ணி சமையலறையிலிருந்து கூப்பிட்டார்.

“பாப்பா, அந்தப் பேப்பர்ல என்ன இருக்குன்னு எனக்கு வரி வரியா சொல்லு.”

கைப்பையில் நகல் இருந்தது. படித்து, தமிழில் சொன்னேன். “தாளில் காரம் என்று எழுதியிருந்தது. படித்தேன். திறந்தேன்.”

“ஆமா. அதான் சொன்னேன்.”

“அதான் எழுதியிருக்காங்க.”

“அப்போ நான் தெரிஞ்சே தொறந்தேன்னு எப்படி வந்துச்சு?”

எனக்கு எரிச்சலாக இருந்தது. “அண்ணி, காரம்னு படிச்சீங்கதானே. காரம்னா கண்ணு போயிடும்னு தெரியாதா?”

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார்.

“காரம் பட்டா கண்ணு எரியும். போகுமா? பதினோரு வருஷமா காரத்துலதான்டி கையை விட்டுக்கிட்டிருக்கேன். அதைத்தான் தினமும் முகர்ந்து பாக்கறேன். காரம்னு போட்டிருந்தா காரம்தானே வரணும்? சோடாத் தண்ணி எப்படி வந்துச்சு?”

கூடத்தில் அண்ணன் செய்தித்தாளைத் தாழ்த்தினான்.

அமிலம், காரம், உப்பு. பிறகு மெல்ல, “அண்ணி, புத்தகத்துல அதுக்குப் பேரு காரம்” என்றேன்.

“எதுக்கு?”

“சோடாவுக்கு. அந்த மாதிரி அரிக்கற பொருளுக்கெல்லாம்.”

எண்ணெய் புகைந்தது. அண்ணன் எழுந்துவந்து அடுப்பை அணைத்தான். ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தவன், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனான்.

அண்ணி கத்தவில்லை. அவருடைய கோபத்தைப் பதினோரு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். தட்டு பறக்கும், கதவு அதிரும், பத்து நிமிஷத்தில் இறங்கிவிடும். இது அப்படி இல்லை.

“பள்ளிக்கூடத்துல காரம் வேற, அடுப்படியில காரம் வேறயா?”

“ஆமா.”

“கடுகு ஆலையில ஒட்டற பேப்பர்ல எந்தக் காரத்தை எழுதணும்?”

கையிலிருந்த நகலை மடித்தேன்.

“யாருக்கு எழுதினே அந்தப் பேப்பரை? எனக்கா, உன் வாத்தியாருக்கா?”

மடித்ததை மறுபடி பிரித்தேன்.

“ஒரு எட்டு கீழ வந்து, அக்கா இது சரியான்னு ஒருத்திகிட்ட காட்டியிருக்கலாம். மூடிகிட்ட காட்டியிருந்தாகூட ஊரைக் கூட்டியிருப்பா. மாடியில ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுதினே. அப்புறம் நான் சொன்னதையும் உன் புத்தகத்துக் காரமா மாத்தி அவன்கிட்ட குடுத்தே. ஒரு தடவைன்னா கைத்தவறு. இது ரெண்டு தடவை.”

“மன்னிச்சிடுங்க அண்ணி.”

“உன் மன்னிப்பை வச்சு நான் என்ன தாளிக்கறதா?”

அன்றிலிருந்து என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார். “மேடம், சாப்பாடு எடுத்து வச்சிருக்கு.” “மேடம் குளிச்சாச்சுன்னா மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க.” அண்ணனைப் பார்த்துச் சொல்வதுபோல் எனக்குச் சொல்வார். மேடம் என்ற சொல்லுக்கும் இரண்டு அர்த்தம் உண்டு என்று அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். இந்தச் சொல்லுக்கு எங்கள் மொழியில் இரண்டு பொருள், அவர் சொன்னது ஒன்று, நான் மாற்றிச் சொன்னது மற்றொன்று என்றேன். சூப்பர்வைசர் சிரித்தார். முதலில் ஒன்று சொன்னாள், வீட்டுக்குப் போய் வந்து வேறொன்று சொல்கிறாள் என்றார். மேனேஜர் பேனாவை மூடினார். “அவர் உங்கள் குடும்பம். நீங்கள் இப்படிச் சொல்வது இயற்கை. வெளியாள் யாராவது சொன்னால் பார்க்கலாம்” என்றார். அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த வெளியாள் யாரும் இல்லை. அது அவருக்கும் தெரியும். பிறகு, “அப்படியானால் தாளை எழுதியது உங்கள் தவறு என்கிறீர்களா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வெறும் சொற்பட்டியல்தான் கொடுத்தார்கள், விளக்கம் இல்லை என்று ஏதோ சொன்னேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். அதை அண்ணியிடம் மறைக்கவும் முடியவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணி ரொம்ப நேரம் சமையலறை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஆலையில் மூடி நசுங்கியதென்று ஒதுக்கிய ஒரு பாட்டில் இருந்தது. தமிழ்க் கடைகளில் விற்பதற்காக, ‘காரம்’ என்று இரண்டு மொழியில் அச்சடித்த பாட்டில். அதை எடுத்து முந்தானையால் துடைத்தார்.

“படிக்கத் தெரியாதவன்கிட்ட போய்ப் படிச்சுக் காட்டினா நம்புவானா? அவனுக்குக் கண்ணு இருக்குல்ல. ரெண்டு கண்ணும் நல்லா இருக்குல்ல” என்றார். என்னிடம் சொன்னாரா, பாட்டிலிடமா என்று தெரியவில்லை.

விசாரணைக்கு, மேனேஜரும் சூப்பர்வைசரும் இருந்த அதே அறைக்கு, தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்திருந்தார். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, சிரிக்காத பெண்மணி. கோப்பில் என் தாள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஒரு மூலையில் சோடா பட்டுப் பழுப்பேறியிருந்தது. சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்டார்.

அண்ணி பையிலிருந்து பாட்டிலை எடுத்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இவங்களைப் படிக்கச் சொல்லாதே. பாக்கச் சொல்லு. இந்த எழுத்தும் அந்த எழுத்தும் ஒண்ணா இல்லையா?”

சொன்னேன். அதிகாரி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்தார். ஒரு விரலைப் பாட்டிலிலும் மற்றொரு விரலைத் தாளிலும் வைத்தார். முதல் எழுத்து, அதன் பக்கத்தில் நிற்கும் கால். நடு எழுத்து. கடைசி எழுத்து, அதன் தலையில் புள்ளி. மூன்றையும் சிறு பிள்ளைபோல் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், “பாட்டிலில் இருப்பதற்கு என்ன பொருள்?” என்றார்.

“காரமான கடுகு.”

“தாளில்?”

“காஸ்டிக் சோடா என்று நினைத்து எழுதினேன்.”

“எழுதியது யார்?”

“நான்.”

“ஒட்டுவதற்கு முன் அங்கே வேலை செய்கிறவர்கள் யாரிடமாவது காட்டினீர்களா?”

“இல்லை.”

“தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற படம் போட்ட எச்சரிக்கை அனுப்பியிருந்தோமே?” இது சூப்பர்வைசருக்கு. அவர் அலமாரியில் இருக்கிறது என்றார். எப்போதிலிருந்து என்று அதிகாரி கேட்டார். சூப்பர்வைசர் மேனேஜரைப் பார்த்தார். அந்த அலமாரி கீழே, குழாய்களுக்கு எதிரேதான் இருந்தது. மூடியக்கா தினமும் அதன் மேல் டிபன் பாக்ஸ் வைப்பார்.

மேனேஜர் பழைய வரியை அடித்துவிட்டுப் புது வரி எழுதினார். என்ன எழுதினார் என்று அண்ணி கேட்டார். படித்துச் சொன்னேன். “ஒட்டப்பட்ட தாளில் இருந்த சொல் குழப்பம் தருவதாக இருந்தது.”

“யாருக்குக் குழப்பம்?”

நான் அந்த வரியை மறுபடி பார்த்தேன்.

“எனக்கு ஒரு குழப்பமும் இல்லைன்னு சொல்லு. காரம்னு இருந்துச்சு, காரம்னு படிச்சேன். தப்பு யாருதுன்னு எழுதச் சொல்லு.”

இப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றார் மேனேஜர். சொன்னேன்.

“அப்போ கையெழுத்துப் போடாம இருக்கறது என் வழக்கம்.”

இதையும் மேனேஜரிடம் சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. கீழே தேநீர் மணி அடித்தது. பாட்டில் எந்திரம் நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியது. அண்ணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பாதுகாப்பு அதிகாரி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, அவரே எழுதினார். தவறு, தாளை எழுதியவருடையதும், சரிபார்க்காமல் ஒட்டவைத்தவருடையதும். தொழிலாளியின் தவறு எதுவும் இல்லை. நான் அதைப் படித்துச் சொன்னேன். என்னை எழுதியவர் என்று சொல்லும் இடத்தில் நிறுத்தவில்லை. அண்ணி இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். அதன் பிறகுதான் பேனாவை எடுத்தார்.

எனக்கும் சூப்பர்வைசருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அலமாரியில் இருந்த படங்கள் அன்று மத்தியானமே குழாயில் ஏறின. அதற்குக் கீழே தமிழில் என்ன எழுதுவது என்று நான் கீழே போய்க் கேட்டேன். மூடியக்கா பத்து வாக்கியம் சொன்னார். அதில் ஒன்பதை எழுத முடியாது. அண்ணி கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே, “சோடாத் தண்ணி. தொடாதே. கண்ணு போயிடும். அவ்வளவுதான்” என்றார். அவ்வளவுதான் எழுதினேன்.

அண்ணி பழைய வேலைக்கே போகிறார். மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதும் காரத்தை முகர்ந்தால் இரண்டு கண்ணிலும் நீர் கோக்கிறது. இடது கண்ணில் கொஞ்சம் தாமதமாக. மேனேஜர் படியில் எதிரே வந்தால் தலையசைக்கிறார். மன்னிப்பு என்ற சொல்லை அந்த ஆலையில் எந்த மொழியிலும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவருடைய கோபமும் தீரவில்லை. தீர வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

விசாரணை முடிந்த அன்று சாயங்காலம் இருவரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம். வேலியோரம், மறுபடி மருந்தடித்த கடுகுச் செடிகள் காய்ந்து நின்றன. அண்ணி ஒரு காய்ந்த நெற்றை ஒடித்து, உள்ளங்கையில் உதிர்த்து, ஊதினார். நான் இரண்டடி பின்னால் வந்தேன். ரொம்ப தூரம் மேடம் என்றும் கூப்பிடவில்லை, வேறு எதுவும் கூப்பிடவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றதும், என்னைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பாப்பா, ‘என்ன எழுதினே, எனக்குப் படிச்சுக் காட்டு’ன்னு அவங்க பாஷையில எப்படிக் கேக்கறது? அதை மட்டும் சொல்லிக் குடு. மெதுவா சொல்லு.”